விளக்கு வைக்கிற நேரத்தில் சாத்திய கதவு

வீட்டிலிருந்தபடியே பாடம் நடத்தப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நல்ல வார்த்தை என் கையிருப்பில் அவ்வளவாக இல்லை. செய்த தப்புகள்தான் நிறைய இருக்கின்றன. அதில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்திருக்கிறேன். படித்துவிட்டுச் சிரியுங்கள், ஆனால் அதையே திரும்பச் செய்யாதீர்கள்.

ஐந்து வருடம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன மாதம் ஓய்வு பெற்றேன். முப்பத்தொன்பது வயதில் ஓய்வா என்று என் கணவருக்குச் சிரிப்பு. மகள் பள்ளிக்கூடம் போகிறாள், நான் மறுபடி கரும்பலகைக்குப் போகிறேன், அவ்வளவுதான். மாலையும் பொன்னாடையும் கிடைக்கவில்லை என்ற குறை ஒன்று உண்டு. எந்த மைக் வாங்குவது, எந்த நெட் போடுவது என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை என்னைவிட நன்றாகச் சொல்லும்.

எங்கள் வீடு மஞ்சக்குட்டைக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட் லைனில் இருக்கிறது. கணவர் எஸ்டேட் ஜீப் டிரைவர். லைன் என்றால் ஒரே தகரக் கூரைக்குக் கீழே பதினாலு வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு, முடிந்தது. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். லைனில் எல்லாருக்கும் நான் டீச்சர். நிலா பிறந்தாள், அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வேலையை விட்டேன். மூன்று வருடத்தில் டீச்சர் என்ற பெயர் தேய்ந்து நிலா அம்மா ஆகிவிட்டேன். அது மோசமான பெயரில்லை. ஆனாலும் யாராவது டீச்சர் என்று கூப்பிட மாட்டார்களா என்று மனசு ஏங்கியது. சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

அப்போதுதான் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். ஒரு மாதம் சோதனை, கடைசி வாரத்தில் ஒரு வகுப்பை மேலிடத்து அம்மா உட்கார்ந்து பார்ப்பார், தேறினால் வேலை, தேறாவிட்டால் நன்றி வணக்கம். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. பாடம் நடத்த அமைதியான தனி அறை இருக்கிறதா? ஆம் என்று எழுதினேன். உங்களில் எத்தனை பேர் அப்படி எழுதினீர்கள் என்று கேட்க மாட்டேன். கையைக் கீழே போடுங்கள்.

அந்த மேலிடத்து அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், இன்னும் வேலையில் இருக்கிறார். கோஆர்டினேட்டர் என்போம். முதல் வாரம் என் வகுப்பின் பதிவைக் கேட்டுவிட்டுப் போன் செய்தார்.

"மேடம், நீங்க நொம்ப நல்லா பேசறீங்க" என்றார்.

"தேங்க்ஸ்ங்க" என்றேன்.

"அதுதான் பிரச்சனை. முப்பது நிமிஷத்துல இருபத்தொம்பது நிமிஷம் நீங்களே பேசறீங்க. கடைசி வகுப்புல அந்தக் குழந்தை தானா ஒரு கேள்வியாவது கேக்கணும். கேக்கலைன்னா நீங்க பாடம் நடத்தலை, பிரசங்கம் பண்ணியிருக்கீங்கன்னுதான் நான் எழுதுவேன்."

சேலத்துப் பக்கம் பிறந்தவர் என்று அந்த 'நொம்ப'விலேயே தெரிந்தது. ஆனால் அதை வைத்துச் சலுகை கேட்கும் அளவுக்குக் குரலில் இளக்கம் இல்லை.

எனக்குக் கிடைத்த குழந்தை தியா. ஒன்பது வயது, சென்னையில் பதினோராவது மாடி. நல்ல பெண், நல்ல பெண் என்பதுதான் அவளிடம் இருந்த ஒரே குறை. எதைச் சொன்னாலும் "யெஸ் மிஸ்". புரிந்ததா? யெஸ் மிஸ். புரியவில்லையா? யெஸ் மிஸ். ஏழும் ஐந்தும் நூறு என்று ஒரு நாள் வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். யெஸ் மிஸ். இந்தக் குழந்தையின் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தால்தான் எனக்கு வேலை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். வகுப்பு மாலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறேகால். தோட்டத்து வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பி, அடுப்பு மூட்டி, விளக்கு வைக்கிற நேரம். தனி அறைக்கு நான் எங்கே போக? முன்னறையின் குறுக்கே கயிறு கட்டி என் தீபாவளிப் புடவையைத் தொங்கவிட்டேன், சமையல்கட்டு தெரியாமலிருக்க. நிலாவைப் புடவைக்குப் பின்னால் உட்கார வைத்து ஒரு தட்டில் முறுக்கு கொடுத்தேன். பிறகு வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன். லைனில் ஒருவரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. தேறினால் சொல்லிக்கொள்ளலாம், தேறாவிட்டால் யார் பேச்சுக் கேட்பது என்று நினைத்தேன். என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நானே நினைத்துக்கொண்ட நாட்கள் அவை.

எங்கள் லைனில் ஆள் இருக்கும்போது கதவு சாத்தியிருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம்தான். ஒன்று உடம்பு சரியில்லை, இல்லையென்றால் சண்டை. இரண்டுக்குமே போய்த் தட்டிக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால்தான் தப்பு. மார்கழிக் குளிருக்குக்கூட ஒருக்களித்து வைப்போமே தவிரத் தாழ்ப்பாள் போட மாட்டோம். அதிலும் விளக்கு வைக்கிற நேரத்தில் கதவைத் திறந்து வைத்தால்தான் லட்சுமி உள்ளே வருவாள். அந்த நேரம் பார்த்துத் தாழ்ப்பாள் போட்டால் மூன்றாவது அர்த்தம் ஒன்று உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

முதல் நாளே தட்டினார்கள். அடுத்த வீட்டுப் பொன்னம்மா அக்கா. காப்பிப் பழம் பறிப்பதில் எஸ்டேட்டிலேயே வேகமான கை, அதைவிட வேகம் வாய். "ஏனுங்கண்ணு, ஒடம்பு கிடம்பு செரியில்லயா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டார். "இல்லீங்க்கா, நல்லாருக்கேன்" என்று உள்ளேயிருந்து கத்தினேன். நல்லா இருக்கிறவள் எதற்குக் கதவைச் சாத்துகிறாள்? மறுநாள் இரண்டு பேர் தட்டினார்கள். அதற்கு மறுநாள் நாலு பேர். வகுப்பு முடிந்து கதவைத் திறந்தால் வாசலில் ஒரு சின்னக் கூட்டம் என் முகத்தைப் படித்துக்கொண்டு நிற்கும்.

பாவம், என் கணவர். எஸ்டேட் ஜீப்பில் ஏறுகிறவர்கள் எல்லாம் அவருக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு நாள் வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இன்னிக்கு கணக்கெழுதற ரைட்டரு சொல்றாரு, பொண்டாட்டிகிட்ட அனுசரிச்சுப் போப்பான்னு. நான் உன்ன அடிக்கறனாமா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? நீதான் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னியே. செரிங்கன்னு தலைய ஆட்டிட்டு வந்தேன்."

அன்றாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இன்னும் பத்து நாள்தானே என்று மூடிக்கொண்டேன்.

சாத்திய கதவுக்கு வெளியே நின்று கேட்பவர்களுக்கு என்ன கேட்டிருக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை. காதில் இயர்போன் மாட்டியிருப்பதால் தியாவின் குரல் அவர்களுக்குக் கேட்காது. என் குரல் மட்டும் கேட்கும். அதுவும் என் குரல் மாதிரி இருக்காது, பட்டணத்துக் குரல் ஒன்றைக் கடன் வாங்கி வைத்திருந்தேன். "வெரி குட். சபாஷ். எங்கே, நீயும் கைதட்டு பார்க்கலாம்." பிறகு நான் ஒருத்தியே கைதட்டுவேன். சில நாள் வாய்ப்பாட்டுப் பாட்டு. விளக்கு வைக்கிற நேரத்தில், தாழ்ப்பாள் போட்ட வீட்டுக்குள், தன்னந்தனியாக ஒரு பெண் வேற்றுக் குரலில் பேசிச் சிரித்துக் கைதட்டிப் பாடுகிறாள். காற்றோ கறுப்போ பிடித்துவிட்டது என்றுதானே நீங்களும் நினைப்பீர்கள்?

கோஆர்டினேட்டர் பார்க்கும் வகுப்பு ஒரு வெள்ளிக்கிழமை. அன்று நிலாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மூன்று முறுக்கோடு இன்னும் இரண்டு கூட்டி ஐந்து கொடுத்தேன். புடவைக்கு மடிப்புக் கலையாமல் பின் குத்தினேன். திரையில் ஒரு கட்டத்தில் தியா, இன்னொரு கட்டம் கறுப்பாக, ஓரத்தில் கோஆர்டினேட்டர் பெயர் மட்டும். பாடம் பெருக்கல். கேக் பெட்டிகளின் படம் வரைந்து வைத்திருந்தேன். ஒரு பெட்டியில் எட்டுக் கேக் என்றால் பன்னிரண்டு பெட்டியில் எத்தனை?

"இதுல ஏதாவது சந்தேகம் இருந்தா கேளு தியா" என்றேன்.

"யெஸ் மிஸ்."

"கேளு."

"யெஸ் மிஸ்."

பதினைந்து நிமிடம் போனது. கறுப்புக் கட்டத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இந்த வேலை போனால் மறுபடி எப்போது என்று நினைத்தபோது அழுகை வரும்போல இருந்தது. நிலா பெரியவளாகும் வரை, இன்னும் எத்தனை வருடமோ, நான் ஒரு கணக்கும் யாருக்கும் சொல்லித்தரப் போவதில்லை என்று தோன்றியது. புடவைக்குப் பின்னால் நடந்த எதுவும் அதனால் என் காதில் விழவில்லை.

பின்னால் நடந்தது இது. பொன்னம்மா அக்கா பின்பக்கக் கதவுக்கு வந்து நின்று, "கதவத் தொற சாமி" என்று நிலாவைக் கூப்பிட்டிருக்கிறார். என் முறுக்குக்குக் காட்டிய விசுவாசம் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்திருக்கிறது. அக்கா கதவுச் சந்து வழியாக ஒரு பெரிய கொய்யாப் பழத்தைக் காட்டியிருக்கிறார். மகள் கட்சி மாறிவிட்டாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தீபாவளிப் புடவை நடுவில் விலகியது. அதிலிருந்து ஒரு கை வந்தது. மூடிய கை. என் தலையை வலமாகச் சுற்ற ஆரம்பித்தது.

கேமராவை அணைக்கிற பொத்தானில் என் விரல் போய்விட்டது. நம் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பொய் ஒன்று இருக்கிறதே, நெட் போய்விட்டது என்று, அது நாக்கு நுனியில் நின்றது. அக்காவைத் திட்டி வெளியே தள்ளுவது இன்னொரு வழி. அந்த இரண்டு நொடியில் எனக்குத் தோன்றியதை அப்படியே சொல்கிறேன். திட்டினால் அக்கா முகம் வாடும். தோட்டத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, காலைக்கூட நீட்டாமல், எனக்காக வந்து நிற்கிறார். பொத்தானை அழுத்தினால் அவரைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன் என்றாகும். விரலை எடுத்துவிட்டேன். துணிச்சல் என்று நினைக்காதீர்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சுற்றிப் போடும்போது பேசக்கூடாது, அசையக்கூடாது. மூன்று சுற்று வலம், மூன்று சுற்று இடம். பிறகு அக்கா என் வாய்க்கு முன்னால் கையை விரித்தார். உள்ளே கல்லுப்பும் வரமிளகாயும்.

"துப்பு கண்ணு. மூணு தடவ."

மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்பில், மாணவிக்கு நேராக, நான் மூன்று முறை துப்பினேன். தூ. தூ. தூ.

அந்த அமைதியில் காதுக்குள் ஒரு சின்னக் குரல்.

"மிஸ், எதுக்கு மிஸ் துப்பினீங்க?"

ஒரு மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது, பேசாமலிருப்பதுதான் நல்லது என்று ஏனோ தோன்றியது. காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். "நீயே அக்காகிட்ட கேளு" என்றேன்.

அக்கா அப்போதுதான் திரையைப் பார்த்தார். ஒரு குழந்தை முகம். அவருக்கு ஆச்சரியமாகவெல்லாம் இல்லை, வாசலில் வந்து நிற்கும் பிள்ளையிடம் பேசுகிற மாதிரியே பேசினார்.

"கண்ணு பட்டுப்போச்சு சாமி இவளுக்கு. அதான்."

"கைல என்ன?"

"மொளகா. ஏழு."

"ஏன் ஏழு?"

"ஆறுன்னா பத்தாது. எட்டுன்னா வீணு."

"உங்க ஊர்ல எல்லார் வீட்டுக்கும் இப்படிச் சுத்துவீங்களா?"

"கேட்டாச் சுத்துவேன். பதினாலு ஊடு இருக்குது."

எனக்கு நாக்கு துடித்தது. பதினாலை ஏழால் பெருக்கு கண்ணா, முதலில் பத்து ஏழு, பிறகு நாலு ஏழு என்று சொல்லிவிடத் துடித்தது. சொல்லவில்லை. என் ஐந்து வருட வேலையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான். தியா மேலே பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லார் வீட்டுக்கும் சுத்தினா தொண்ணூத்தெட்டு மிளகாய் வேணும்" என்றாள்.

"நூறா வாங்கோணும் கண்ணு" என்றார் பொன்னம்மா அக்கா. "ரெண்டு சொத்தையா இருக்கும்."

"சொத்தை இல்லாட்டி?"

"கொழம்புக்கு ஆச்சு."

தியா சிரித்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மிச்ச நேரம் முழுக்க அவள் கேட்டாள், அக்கா பதில் சொன்னார், நான் காகிதத்தில் கணக்கைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அக்கா மிளகாயை அடுப்பில் போடப் போனார். திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பது எங்கள் பக்கத்து வழக்கு. அன்று வந்த நெடியில் பதினாலு வீடும் இருமியது. என் கண்ணில் நீர் கொட்ட, "நாளைக்குப் பார்ப்போம் தியா" என்று இருமிக்கொண்டே வகுப்பை முடித்தேன்.

"திருஷ்டி ஒண்ணுமில்ல" என்றார் அக்கா. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "நல்லாத்தான் இருக்கற. அப்பறம் எதுக்குக் கண்ணு கதவச் சாத்திக்கற?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், தேறாமல் போனால் சிரிப்பார்களே என்று பயந்ததையும் சேர்த்து. அக்கா அடுப்பை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாங்க சிரிப்பமா?" என்றார்.

அந்தக் கேள்வி நன்றாகவே உறைத்தது. அதற்குள் போன் அடித்தது. கோஆர்டினேட்டர். கையில் இருமும் நிலா, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"தனி அறைன்னு எழுதியிருந்தீங்களே மேடம்."

"பொய்ங்க" என்றேன். "ஒரே அறைங்க. பின்னால தொங்கறது என்னோட சீலைங்க." கடன் வாங்கிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அவங்க எதுக்கு உள்ள வந்தாங்க?"

"கதவு சாத்தியிருந்துச்சுங்க. எங்க லைன்ல கதவு சாத்தியிருந்தா என்னமோ ஏதோன்னு வந்துருவாங்க."

சரி, முடிந்தது என்று நினைத்தேன். நிலாவின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன்.

"எனக்குத் தனி அறை இருக்கு" என்றார் கோஆர்டினேட்டர். குரல் வேறாக இருந்தது. "வீடே தனிதான். இங்க குடிவந்து மூணு வருஷமாச்சு. கதவு நாள் முழுக்கச் சாத்தித்தான் கிடக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் தட்டினதில்லை."

பேச்சில் கெட்டிக்காரி என்று அவரே சொன்ன நான் வாயடைத்து நின்றேன். பொன்னம்மா அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஏனுங்க அம்மணி, ஊடு எங்கீங்க? சாப்புட்டீங்களா?"

அப்படியே பேசிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் சோறு வடித்தேன், குழம்பு வைத்தேன், நிலாவுக்கு ஊட்டினேன். கணவர் வந்து ஜீப்பை நிறுத்திவிட்டு, அக்கா யாரிடம் இவ்வளவு நேரம் பேசுகிறார் என்று கேட்டார். என் மேலதிகாரியிடம் என்றேன். போன் திரும்பி வந்தபோது சார்ஜ் தீர்ந்திருந்தது. நான் தேறினேனா இல்லையா என்பதை அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவேயில்லை.

மறுநாள் காலை அடுத்த மாதத்து அட்டவணை வந்தது, என் பெயருக்கு எதிரே ஆறு குழந்தைகள். அதற்குக் கீழே கோஆர்டினேட்டர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். அக்கா வீட்டில் எத்தனை மணிக்கு இருப்பார் என்று கேட்டிருந்தார்.